பெற்றவள் கண்

1928 ஜனவரி 9, திங்கள்

காலையிலிருந்து ஆவாரம்பட்டை வண்டிகள். நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகின்றனவாம். வண்டி வந்துவிட்டால் அவர் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை. தோல் பதனிடும் டேனரியில் பட்டைக் கிடங்கு முழுக்க அவர் பொறுப்பு. பட்டைத் தூசி தெருவெல்லாம் மஞ்சளாகப் பறக்கிறது. சன்னல் வழியே விழுந்த வெயிலில் அது மிதப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். உலை பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் நினைவு வந்தது.

ஏழாவது மாதம். உள்ளே இருப்பது இன்று மெதுவாகப் புரண்டது, தூக்கத்தில் புரள்வதுபோல. வயிற்றில் கை வைக்கப் போனேன். வைக்கவில்லை. ஆசையாகத் தொட்டால் அதுவும் ஒரு பார்வைதானே?

1928 ஜனவரி 22, ஞாயிறு

அவருடைய அக்கா மீனாம்பாள் அண்ணி திமிரியிலிருந்து வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக என்னை உட்காரவைத்துப் பேசினார். எங்களுக்குப் பிறந்த இரண்டும் ஏன் தங்கவில்லை என்று அங்கே குறி சொல்லும் ஒருத்தியிடம் கேட்டிருக்கிறார்.

"ஊர்க் கண்ணு இல்லியாம் சம்பூர்ணம். பெத்தவ கண்ணாம். ஊர்க் கண்ணுக்காவது மொளகா சுத்திப் போடலாம். பெத்தவ கண்ணுக்கு இன்னா பண்றது?"

அண்ணி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெரியவனுக்கு அப்போது பதினோரு மாதம். ஒரு சாயங்காலம் பட்டுச்சட்டை போட்டு, மடியில் நிற்கவைத்து, இவனைவிட அழகு இந்த ஆம்பூரிலேயே இல்லை என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? வாய்விட்டே சொன்னேன். மறுநாள் காலை இசிவு வந்தது. சின்னவளுக்கு இரண்டு வயசு. தூளியில் தூங்கியவளை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வாந்தி, பேதி.

பொறாமைக் கண் இல்லை. ஆசைக் கண்.

அண்ணி வழியும் கேட்டு வந்திருக்கிறார். பிறந்தவுடன் குழந்தையைக் குப்பையில் போட்டுவிட வேண்டும். வேறொருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பெண்ணானால் குப்பம்மா, பையனானால் குப்பன். அதற்குப் பிறகு அது என் பிள்ளை இல்லை. பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம். முகத்தைப் பார்க்கக்கூடாது. ஐந்து வயசு முடிகிறவரை.

அவரிடம் சொன்னேன். "புள்ள பொழைச்சா சரி" என்றார்.

1928 பிப்ரவரி 5, ஞாயிறு

நசீமக்கா சம்மதித்துவிட்டாள்.

அவள் வீடு எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம். கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் புருஷன் ஆபித் பாஷா அதே டேனரியில் தோல் ரகம் பிரிப்பவர். தோலைத் தடவிப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லிவிடுவார் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

அண்ணிதான் கிணற்றடியில் பேச்சை எடுத்தார். நசீமக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தவிடு கொடுத்து வாங்கணுமா? அப்போ அது யாரு புள்ள?"

"பேருக்குத்தாம்மா. கண்ணை ஏமாத்தறதுக்கு."

"பேருக்கா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கண்ணு படறது, நஜர், எங்க வீட்டுலயும் உண்டு மீனாம்பா. பொழைக்கணும்னா நான் வாங்கிக்கறேன்."

பாஷா அண்ணன் மாலை வாசல் படுதாவுக்கு வெளியே நின்று சொன்னார்: "தங்கச்சி, வாங்கறது விக்கிறதுல விளையாட்டு கெடையாது. நல்லா யோசிச்சுக்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? யோசித்தால் பெரியவனின் பட்டுச்சட்டை நினைவுக்கு வருகிறது.

1928 மார்ச் 17, சனி

புதன்கிழமை விடியற்காலையில் பிறந்தாள். பெண்.

நான் பார்க்கவில்லை. துணியால் என் கண்ணைக் கட்டியிருந்தார் அண்ணி. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. ஈரமான, கோபமான சத்தம். முறத்தில் கிடத்திக் கொல்லைக் குப்பைமேட்டுக்கு எடுத்துப்போனார்கள். வாசலில் யாரோ பொட்டுக்கடலை வாங்குவதுபோல நசீமக்கா குரல்: "இது யாரு போட்ட புள்ள? எனக்குக் கொடுங்க. தவிடு கொண்டாந்திருக்கேன்."

அவள் குரல் நடுங்கியது. நாடகத்துக்கு அவ்வளவு நடுக்கம் வேண்டியதில்லை.

தவிட்டை எங்கள் பசுவுக்கு வைத்தார்கள். அது தின்றுவிட்டது.

1928 ஏப்ரல் 20, வெள்ளி

பால் கொடுக்கும்போது முந்தானையை அவள் தலைமேல் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். கண்ணை மூடினால் நானும் அவளும் எங்கோ தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றுகிறது. வெளிச்சம் பச்சையாகத் தெரிகிறது. தூரத்தில் தோல் அடிக்கும் சத்தம், அதற்கும் தூரத்தில் ரயில்.

விரல்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். உச்சந்தலையில் இரண்டு சுழி. இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. கழுத்து மடிப்பில் எப்போதும் ஈரம்.

கால்களைப் பார்த்திருக்கிறேன். முதுகைப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேலே ஏறாமல் கண்ணை நிறுத்தப் பழகிவிட்டது.

1928 மே 27, ஞாயிறு

தப்பு செய்துவிட்டேன்.

குளிப்பாட்டும்போது குனிந்தேன். அண்டாத் தண்ணீரில் அவள் முகம். அசைந்து அசைந்து, துண்டு துண்டாகி, சேர்ந்து, மறுபடி உடைந்து. கண் இருந்தது, வாய் இருந்தது. யாரைப்போல என்று தெரிவதற்குள் கையைவிட்டுக் கலக்கிவிட்டேன்.

தண்ணீரில் தெரிவதைப் பார்த்தால் தோஷம் உண்டா? யாரைக் கேட்பது?

மாலைவரை அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

1928 மே 28

ஒன்றும் ஆகவில்லை.

1928 செப்டம்பர் 8, சனி

பகலெல்லாம் குழந்தை இப்போது நசீமக்கா வீட்டில்தான். எனக்கும் அதுதான் நல்லது. வீட்டில் இருந்தால் கண் அங்கேயே போகிறது.

குழந்தை கையில் ஒரு தாயத்து, கழுத்தில் அண்ணி கட்டிய வசம்புக் கயிறு, இடுப்பில் கறுப்புக் கயிறு, கன்னத்தில் மை, உள்ளங்காலில் மை. வெள்ளிக்கிழமை நான் உப்பும் மிளகாயும் அனுப்பினால் நசீமக்கா சுற்றி அடுப்பில் போடுகிறாள். நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று இரண்டு வீட்டிலும் ஒரே கணக்கு. பிறகு அவள் ஏதோ ஓதி நெற்றியில் ஊதுகிறாள். கண் படாமலிருக்க மாஷா அல்லாஹ் சொல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாதாம். தயிர்க்காரிகூடச் சொல்லிக்கொண்டுதான் வருகிறாளாம்.

குப்பம்மா என்று அவர்கள் கூப்பிடுவதில்லை. முன்னி என்கிறார்கள்; செல்லப் பெயராம்.

1929 பிப்ரவரி 14, வியாழன்

பதினோரு மாதம் ஆனது.

நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். மத்தியானம் கண்ணயர்ந்தபோது பெரியவன் வந்தான். பட்டுச்சட்டை போட்டிருந்தான். பாலாற்று மணலில் முன்னால் நடந்துகொண்டே போனான். கூப்பிட்டேன்; திரும்பவில்லை. "திரும்பினா நீ பாப்பேம்மா" என்றான். பேச்சு வராத வயசில் போனவன், எப்படிப் பேசினான்?

எழுந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் முன்னி சிரிக்கும் சத்தம் கேட்டது.

1929 ஏப்ரல் 22, திங்கள்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அப்பால் முன்னி குரல் தெளிவாகக் கேட்டது. "அம்மி."

அவர்கள் வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பேர். மறுபடி, "அம்மி."

"ஏன்டி, இன்னொரு தடவ சொல்லு" என்றாள் நசீமக்கா. அழுகிற குரல்.

இன்னா எழுதறது. நான் தானே கொடுத்தேன். நான் தானே கண்ணைக் கட்டிக்கினேன். இப்ப வயித்தெரிச்சல் பட்டா அது எந்தக் கண்ணு? ஆசைக் கண்ணு போய் பொறாமைக் கண்ணும் வந்துடுச்சா எனக்கு?

ஈரத்துணி முழுக்க மண்ணில் விழுந்துவிட்டது. திரும்பவும் துவைத்தேன்.

1929 ஜூலை 12, வெள்ளி. வேலூர்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நசீமக்கா பக்கத்தில் சுவரில் சாய்ந்து தூங்குகிறாள்.

ஞாயிறன்று முன்னிக்குக் காய்ச்சல் வந்தது. திங்களன்று இருமல். நான் போகவில்லை. சுவரோரமாக நின்றபடியே அரிசி களைந்தேன், அங்கேயே உட்கார்ந்து காய் நறுக்கினேன். மூச்சு இழுப்பது கேட்டது. செவ்வாய் காலை, அழுகை நின்றுவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

அப்போது நசீமக்கா வந்தாள். தலையில் துப்பட்டா இல்லை. இத்தனை வருஷத்தில் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"சம்பூ, நீ வா. வந்து பாரு."

"நான் பாக்கக்கூடாதே அக்கா."

"நானும் பாக்கக்கூடாது இப்போ!" என்று கத்தினாள். "உனக்குத் தெரியுமா? ரெண்டு நாளா நான் அது மொகத்தப் பாக்கல. மூடிக்கினு மருந்து ஊத்தறேன். போன வாரம் அதுக்கு ஜடை போட்டேன். பின்னி முடிச்சு, எவ்ளோ அழகா இருக்கேடின்னேன். மாஷா அல்லாஹ் சொல்ல மறந்துட்டேன். என் கண்ணு பட்டுச்சு சம்பூ. பெத்தவ கண்ணுதான் பொல்லாததுன்னியே, அது இப்போ என் கண்ணு."

நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று அழுதோம். உள்ளே குழந்தை தனியாகக் கிடந்தது.

பாஷா அண்ணன் தன் வீட்டு வாசலிலிருந்து ஓடிவந்தார். "யா அல்லா! ரெண்டு தாய் இருந்தும் யாராவது ஒருத்தர் புள்ளையப் பாருங்களேன்!"

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. முகத்தில் போட்டிருந்த துணியை எடுத்தேன்.

பார்த்தேன்.

உதடு நீலமாக இருந்தது. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. மூக்கு மடல் படபடவென்று அடித்தது. தூங்குகிறாள் என்று நசீமக்கா நினைத்திருக்கிறாள். அது தூக்கம் இல்லை. "வேலூருக்குப் போணும், இப்பவே" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவருக்கு ஆள் அனுப்பினோம். கிடங்கிலிருந்து பட்டைத் தூசியோடு அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடிவந்தார். காட்பாடிவரை ரயில். மடியில் அவளை நிமிர்த்திச் சாய்த்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எதிரே நசீமக்கா, முகத்தைப் புர்காவுக்குள் மூடி, ஓதிக்கொண்டே இருந்தாள். சன்னலில் மலைகள் மெதுவாகத் திரும்பின. நான் மலையைப் பார்க்கவில்லை. பதினாறு மாசப் பட்டினி. புருவம் ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழ் உதட்டுக்கு அடியில் ஒரு சின்ன மச்சம். பெரியவன் ஜாடையும் இல்லை, சின்னவள் ஜாடையும் இல்லை. யாருடைய முகமும் இல்லை. அவளுடையது.

செத்தாலும் நான் பார்க்கப் பார்க்கச் சாகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன். எழுதியும்விட்டேன்.

காட்பாடியிலிருந்து ஜட்கா வண்டி. டாக்டரம்மா நெஞ்சில் கையை வைத்துத் தட்டிப் பார்த்து, சளி கட்டியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். மூன்று நாளாயிற்று. இன்று காலை கஞ்சி இரண்டு கரண்டி குடித்தாள்.

1929 ஜூலை 21, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். முன்னி நன்றாக இருக்கிறாள், பழையபடி நசீமக்கா வீட்டில்.

அண்ணி திமிரியிலிருந்து வந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். "வித்ததாலதான் தப்பிச்சா. இல்லன்னா அன்னிக்கே போயிருப்பா" என்றார். இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

1929 அக்டோபர் 6, ஞாயிறு

பாஷா அண்ணனுக்குப் பெங்களூரில் ஒரு டேனரியில் வேலை கிடைத்திருக்கிறது. ரகம் பிரிக்கும் இடத்துக்கே தலைவராம். இந்த மாதமே போகிறார்கள்.

குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அண்ணி மட்டும் சொன்னார்: "அஞ்சு வயசு ஆகல. திரும்ப வாங்கக்கூடாது. அவங்களோடயே போகட்டும் சம்பூர்ணம். எங்கனா பொழைச்சுக் கெடந்தா போதும்னு தானே இருந்தே?"

ஆமாம். அப்படித்தான் இருந்தேன்.

1929 அக்டோபர் 13, ஞாயிறு

நசீமக்கா பெட்டி கட்டுகிறாள். கதவு திறந்திருந்தது, பார்த்தேன். அவளுடைய புடவைகளுக்கு மேலே முன்னியின் சின்னச் சட்டைகள், மடித்து, வரிசையாக.

திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கேட்க வாய் உண்டா? வித்தவ நான். பாலைத் தவிர இன்னா கொடுத்தேன் அதுக்கு? ராத்திரி பகல் பாத்துக்கினவ அவ. அம்மின்னு கூப்பிட்டது அவள. அங்க போனா ராணி மாதிரி இருக்கும். நானும் கண்ணுக்குப் பயப்படாம இருக்கலாம். எல்லாத்துக்கும் நல்லதுதான்.

அவர் கேட்டார்: "உனக்கு இன்னா வேணும்? அதச் சொல்லு. நான் பாஷாகிட்ட பேசறேன்." இதுவரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

1929 அக்டோபர் 16, புதன்

மத்தியானம் போனேன். முன்னி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். நசீமக்கா பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

நிறைய யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "அக்கா, எனக்கு வேணும்" என்றேன்.

அவள் நிமிராமலே பெட்டியைத் திறந்தாள். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். ஒவ்வொன்றையும் நீவி நீவி வைத்தாள். பச்சை நிறத்தில் ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"உருளைக்கெழங்கு மசிச்சுக் கொடு, சாப்பிடும். காரம் ஆகாது. தூங்கறப்ப காதத் தடவணும்."

"சரி அக்கா."

"பயந்துக்கினு மொகத்தத் திருப்பிக்காத. புள்ளைக்குத் தெரியும்."

1929 அக்டோபர் 20, ஞாயிறு

போய்விட்டார்கள். அவள் தூங்கும்போதே போனார்கள்.

1929 நவம்பர் 11, திங்கள்

இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள்தான் பார்ப்பதில்லை.

நான் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கொல்லைச் சுவர் அருகே போய் நின்று, சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்கிறாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை. புதுக் குடி இன்னும் வரவில்லை. எத்தனை மாதம் அதே சுவரில் நான் கன்னம் வைத்து நின்றேன்! அவள் பக்கத்தில் போய் நானும் நின்றேன். வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

1929 நவம்பர் 30, சனி

உருளைக்கிழங்கு சாப்பிட்டாள். என் கையால் இல்லை; அவர் கையால்.

1930 ஜனவரி 5, ஞாயிறு

காலை பனி. கிணற்றடி முழுக்க வெள்ளையாக, சுவரே இல்லாததுபோல. அதற்குள்ளே முன்னி நடந்துபோனாள். பயந்து பின்னாலேயே போனேன். பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் புடவையைப் பிடித்தது. யார் என்று நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் என்று தெரிந்தும் விடவில்லை.

இன்று முழுக்க என்ன வேலை செய்தேன் என்று நினைவில்லை.

1930 பிப்ரவரி 20, வியாழன்

பெங்களூரிலிருந்து கடிதம். பாஷா அண்ணன் யாரையோ விட்டுத் தமிழில் எழுதியிருக்கிறார். "உங்கள் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி போடவும்."

இரண்டு வரி போதவில்லை. நான்கு பக்கம் எழுதினேன். பல் எத்தனை, எந்தப் பாட்டுக்குத் தூங்குகிறாள், கோபம் வந்தால் ஒரு புருவம் எப்படி மேலே போகிறது. கடைசியில், அம்மி எங்கே என்று இன்னும் கேட்கிறாள் என்று எழுதினேன். அந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்காமல் அனுப்பிவிட்டேன்.

1931 ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று நசீமக்கா வந்தாள். பாஷா அண்ணனின் தங்கை வீட்டுக் கல்யாணம் வாணியம்பாடியில். அதற்கு வந்தவர்கள் இங்கே ஒரு பகல் இறங்கினார்கள்.

முன்னிக்கு மூன்று வயசு. அடையாளம் தெரியவில்லை அவளுக்கு. என் பின்னால் ஒளிந்துகொண்டாள். நசீமக்கா தரையில் உட்கார்ந்து, அவளைத் தூங்கவைத்த பழைய பாட்டு ஒன்றை மெல்ல முனகினாள். கொஞ்ச நேரம் கழித்து முன்னி போய் அவள் முழங்காலில் கை வைத்தாள். பிறகு மடியில் ஏறினாள். ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஒன்று குத்தியது. பிறகு அது போய்விட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு மூவரும் கூடத்துப் பாயில் படுத்தோம். நடுவில் அவள் தூங்கிப்போனாள். வேப்பங்காற்று. நசீமக்கா ஒரு பக்கம் ஒருக்களித்துப் படுத்து அவள் காதைத் தடவினாள். நான் மறுபக்கம்.

"நல்லா இருக்கா, இல்ல சம்பூ?" என்றாள்.

"ஆமாங்கா. ரொம்ப அழகா இருக்கா."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் ஓதவில்லை. நான் நெட்டி முறிக்கவில்லை. முன்னி தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினாள்.

ரயிலுக்கு நேரமாயிற்று என்று அவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். பாஷா அண்ணன் வெளியே இருமினார். நாங்கள் எழுந்திருக்கவில்லை.